கொழும்பு வளவில் வெட்சி: புதிதாக நடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பின் மதிலோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் தொடர்மாடி வாசல்களிலும் பச்சை மாறாமல் நின்று, செந்நிறக் கொத்துகளைச் சுமந்திருக்கும் பற்றைச் செடிதான் வெட்சி. இங்கே பலர் அதனை இக்சோரா என்கின்றனர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இட்லிப்பூ என்பர், சிங்களத்தில் அது ரத்மல். கோப்பிச் செடியின் குடும்பமான ரூபியேசியேயைச் சேர்ந்த இதற்கு, இக்சோரா கொக்சினியா என்ற தாவரவியற் பெயரை 1753 இல் லின்னேயஸ் இட்டார். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். கடதாசிப்பூவும் குரோட்டனும் வேறு நாடுகளிலிருந்து வந்து நம் முற்றங்களை நிறைத்திருக்க, இந்த மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிகளுக்கும் நெடுங்காலமாகப் பழகிய வெட்சியோ பலருக்கு வெறும் வேலிச் செடியாகவே தெரிகிறது.

நடுவதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வேண்டியது சதுரமாக வெட்டிய பச்சைச் சுவரா, பூக்கும் செடியா? இரண்டையும் ஒரே செடியில் ஒரே நேரத்தில் எதிர்பார்க்க முடியாது. கொழும்பில் வெட்சி நிற்கும் வளவுகளுள் பலவற்றில், மாதந்தோறும் வரும் தோட்டக்காரர் பெரிய கத்தரியால் மேலும் பக்கமும் சீராக்கிவிட்டுப் போகிறார். செடி நலமாக இருக்கும், ஆனால் ஒரு கொத்துக்கூட விரியாது, ஒரு வண்ணத்துப்பூச்சியும் எட்டிப் பார்க்காது. இந்த வழிகாட்டி பூக்கும் செடியை விரும்புவோருக்காக எழுதப்பட்டது.

கன்றைத் தெரிவு செய்தல்

பத்தரமுல்லை தியத்த உயனவிலுள்ள பூக்கன்றுக் கடைகளிலும் நகரைச் சுற்றியுள்ள வீதியோர விற்பனையிடங்களிலும் இக்சோரா என்ற ஒரே பெயரில் பலவகைச் செடிகள் விற்கப்படுகின்றன. மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், வெள்ளை நிறங்களும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத குட்டை வகைகளும் அவற்றுள் அடங்கும். குட்டை வகை பல்கனிச் சாடிக்கும் நடைபாதை ஓரத்துக்கும் வசதியானதுதான். எனினும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வரவேண்டும் என்றால் நாட்டு வகைச் செந்நிற வெட்சியையே கேட்டு வாங்குவது நல்லது. அதன் பூக்குழல் நீளமானது, கொத்தும் பெரியது, காயும் பிடிக்கும்.

நாட்டு வகையைப் பிரித்தறிவது கடினமன்று. இலைகள் எதிரெதிராக, அநேகமாகக் காம்பே இல்லாமல், அடிப்பகுதி தண்டைத் தழுவினாற்போல அமர்ந்திருக்கும். நான்கு இதழ்களும் நுனியில் கூராக முடியும். இதழ் நுனி உருண்டையாக இருந்தால் அது பெரும்பாலும் சீன வெட்சியாகவோ கலப்பினமாகவோ இருக்கும். கடையில் பூத்துக் குலுங்கும் செடியைவிட, அடியிலிருந்தே மூன்று நான்கு கிளைகள் பிரிந்த, இலை கரும்பச்சையான செடியை எடுங்கள். பூ ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும், கிளையமைப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். இளம் இலைகள் மஞ்சளித்திருக்கும் கன்றை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

இடமும் மண்ணும்

வெட்சி நிழலிலும் உயிர் வாழும், ஆனால் நிழலில் இலை மட்டுமே தரும். நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேர வெயில் கிடைக்கும் இடமே அதற்குப் பொருத்தமானது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளில் கடலை நேரே பார்த்த வளவுகளில் உப்புக் காற்று இலை நுனிகளைக் கருக்கிவிடும். ஆகையால் அங்கே வீட்டுக்குப் பின்புறமோ மதிலின் மறைவிலோ நடுவதே புத்தி.

மண்தான் இச்செடியின் முக்கிய விடயம். வெட்சிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். பி.எச். 5 க்கும் 6.5 க்கும் இடையில் இருந்தால் அது மகிழ்ச்சியாக வளரும். மழை மிகுந்த மேல் மாகாணத்தின் செம்மண் இயல்பாகவே அமிலத்தன்மையுடையது என்பதால், பழைய வளவொன்றில் நடுபவருக்குக் கவலையில்லை. ஆனால் இன்றைய கொழும்பில் மண் என்று நாம் மிதிப்பதில் பாதி, வீடு கட்டியபோது மீந்த சீமெந்துக் கட்டிகளும் சாந்தும் உடைந்த செங்கல்லும் கலந்த நிரப்பு. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கசிந்து மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாமற் போகிறது. அப்போது இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். இதைப் பார்த்துவிட்டுப் பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் யூரியா போடுபவர்கள் உண்டு, அதனால் பயனில்லை. முதிர்ந்த அடி இலைகள் முழுமையாக மஞ்சளித்தால்தான் அது நைதரசன் குறைபாடு. இளம் இலைகளில் நரம்பு பச்சையாக நின்றால் குறை இரும்பினது, அதற்குக் காரணம் பெரும்பாலும் அருகிலுள்ள மதில்.

எனவே மதிலிலிருந்தும் அத்திவாரத்திலிருந்தும் குறைந்தது 2 அடி தள்ளிக் குழி வெட்டுங்கள். குழி முக்கால் மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். தோண்டும்போது வரும் சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, நல்ல செம்மண்ணையும் கூட்டெருவையும் தும்புத்தூளையும் கலந்து நிரப்புங்கள். அடுப்புச் சாம்பலையும் முட்டைக் கோதையும் செடிகளுக்கு இடும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது பொருந்தலாம், வெட்சிக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. ஏற்கெனவே மஞ்சளித்த செடியானால் வேர்ப்பகுதியில் கூட்டெருவைத் தடிப்பாகப் பரப்பி, விவசாயப் பொருட் கடைகளில் கிடைக்கும் கொடுக்கிணைப்பு இரும்பை (வேர் எளிதில் உறிஞ்சும் வடிவிலுள்ள இரும்பு, chelated iron) பொதியிலுள்ள அளவின்படி கரைத்து ஊற்றலாம். புதிதாகத் துளிர்க்கும் இலைகள் பச்சையாக வரும், ஏற்கெனவே வெளுத்த இலைகள் அனைத்தும் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாடியில் வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கொழும்பில் மலிவாகக் கிடைப்பவை சீமெந்துச் சாடிகள். புதிய சீமெந்துச் சாடியை வாங்கினால் அதில் நீர் நிரப்பி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்ட பின்னரே மண்ணிட வேண்டும். மண் சாடியோ பிளாஸ்ரிக் சாடியோ கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. விட்டம் ஓர் அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நடும் காலமும் முறையும்

கொழும்பில் தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழை பெய்கிறது, ஜனவரியும் பெப்ரவரியும் காய்ந்த மாதங்கள். கன்று வேர் பிடிப்பதற்கு மே இறுதியும் ஜூனும் உகந்தவை. ஒக்டோபரிலும் நடலாம், ஆனால் தாழ்ந்த வளவுகளில் அப்போது வெள்ளம் தேங்கும் என்பதால் மேடு கட்டி நட வேண்டும். வெட்சிக்கு ஈரம் பிடிக்கும், வேரில் நிற்கும் நீர் பிடிக்காது.

பையைக் கிழித்து, மண் உடையாமல் கன்றை இறக்கி, பையில் எந்த மட்டத்துக்கு மண் இருந்ததோ அதே மட்டத்துக்கு மூடுங்கள். வேலியாக நடுவதாயின் கன்றுக்குக் கன்று 2 முதல் 3 அடி இடைவெளி விட வேண்டும். நெருக்கி நட்டால் முதலாண்டில் அழகாகத் தெரியும், மூன்றாம் ஆண்டில் உட்புறம் காய்ந்த குச்சிகளாகிவிடும். தனிச் செடியாக விட்டால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே வளரும், ஆதலால் யன்னலுக்கு நேரே நடுமுன் சற்று யோசியுங்கள்.

நீரும் டெங்கும்

முதல் மூன்று மாதங்கள் மழையில்லாத நாட்களில் நீர் ஊற்றுங்கள். வேரூன்றிய பின்னர் நிலத்தில் நிற்கும் செடிக்கு ஜனவரி முதல் மார்ச் வரையே கவனம் தேவைப்படும். சாடிச் செடிக்கு வெயில் நாட்களில் தினமும் நீர் வேண்டும்.

சாடியின் கீழே வைக்கும் தட்டைப் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் எந்தத் தோட்டக் குறிப்பும் நிறைவடையாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தெளிந்த நீரில், ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாகிவிடும். தட்டை எடுத்துவிடுவதே சிறந்தது. எடுக்க முடியாத இடத்தில் அதை மணலால் நிரப்பலாம், அல்லது வாரத்துக்கு இருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவலாம், ஏனெனில் முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்கும் அபராதமும் வரும் என்பது நகரவாசிகளுக்குத் தெரிந்ததே. இந்த வகையில் வெட்சி ஒரு நல்ல செடி: அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகளைப் போல இலைக் கக்கத்தில் நீரைத் தேக்கி வைப்பதில்லை.

பசளைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டெருவோ மக்கிய மாட்டெருவோ இரண்டு கை வீதம் வேரைச் சுற்றி இட்டு, உதிர்ந்த இலைகளை மேலே மூடிவிட்டால் போதும்.

கத்தரித்தல்

வெட்சி, புதிதாக வளர்ந்த கிளையின் நுனியில்தான் பூக்கும். நுனியை வெட்டினால் அதன் கீழிருந்து இரண்டு கிளைகள் எழும், அவை முதிர்ந்து ஒவ்வொன்றும் ஒரு கொத்தைத் தரும். ஆகவே அளவாகக் கத்தரிப்பது பூவைப் பெருக்கும். அந்தக் கிளைகள் முதிர்வதற்குள் மறுபடியும் வெட்டினால், பூ வரவிருந்த இடமே குப்பைக்குப் போய்விடும். மாதாந்த வெட்டில் நடப்பது இதுதான்.

பெருங்கொத்துகள் ஓய்ந்தபின், மழைக்காலத் தொடக்கத்தில், வாடிய கொத்தை அதற்குக் கீழுள்ள ஒரு சோடி அல்லது இரண்டு சோடி இலைகளோடு கைக்கத்தரியால் வெட்டுங்கள். ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். காய்ந்த மாதங்களில் கத்தரியை எடுக்கவே வேண்டாம். அடியில் மொட்டையாகி உச்சியில் மட்டும் இலை தாங்கும் பழைய செடியைப் புதுப்பிக்க விரும்பினால், அதன் கிழட்டுத் தண்டுகளுள் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு அருகில் வெட்டி, மூன்றாண்டுகளில் முழுச் செடியையும் புதிதாக்கலாம். தொடர்மாடிகளில் இந்த முடிவு ஒருவர் கையில் இல்லை. முகாமைத்துவக் குழுவிடம் பேசி, தோட்டக்காரருக்கு எந்த வரிசையை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிடுவது பயன் தரும். முன்வரிசையைச் சதுரமாக வைத்துக்கொண்டு பின்வரிசையைப் பூக்க விடுவது, சண்டையில்லாத சமரசம்.

வந்துபோகும் உயிர்கள்

பூத்த கொத்தொன்றின் அருகே சற்று நேரம் நின்று பார்த்தால் இச்செடியின் அமைப்பு புரியும். ஒரு தனிப்பூவை எடுங்கள். நான்கு இதழ்களுக்குக் கீழே நூல் போன்ற மெல்லிய குழல் ஓர் அங்குலத்துக்கும் கூடுதலாக நீள்கிறது, தேன் அதன் அடியில் இருக்கிறது. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டை மெதுவாகக் கீழ்நோக்கி உருவினால் அதன் அடியில் ஒரு துளி தேன் ஒட்டி வரும். சிறுவர்கள் பலருக்கும் இது தெரியும். பூ விரியுமுன் மொட்டுக்குள்ளேயே மகரந்தம் இந்தச் சூல்தண்டின் நுனியில் பூசப்பட்டுவிடுகிறது. அந்நுனியின் இரு மடல்களும் அப்போது மூடியிருக்கும். வரும் உயிரின் தலையில் மகரந்தம் ஒட்டிச் சென்ற பின்னரே மடல்கள் விரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கின்றன.

குட்டை நாக்குள்ள ஈக்களுக்கும் தேனீக்களுக்கும் இக்குழலின் அடி எட்டாது. நீண்ட உறிஞ்சுகுழலுடைய பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்காகவே இது அமைந்திருக்கிறது. கொழும்பு வளவுகளில் காலை வெயில் ஏறும் நேரம் அவற்றைக் காணலாம். கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகளோடு வரும் இரண்டு உருவங்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். உடலைக் கவனியுங்கள். உடல் செந்நிறமாக இருந்தால் அது நச்சுத்தன்மையுள்ள இனம், பறவைகள் அதைத் தொடமாட்டா. உடல் கறுப்பாக இருந்தால் அது எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வேறோர் இனத்தின் பெண், நஞ்சுள்ளதைப் போல வேடமிட்டு உயிர் தப்புகிறது. இவ்விரண்டும் ஒரே கொத்தில் தேன் அருந்துவதைப் பார்ப்பதற்கு யால வரை போகத் தேவையில்லை.

ஆனால் தேன் மட்டும் வண்ணத்துப்பூச்சியை வளவில் தங்க வைக்காது. புழுவுக்கு இலை வேண்டும். வெட்சிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும், இடமிருந்தால் ஓர் எலுமிச்சையும் நடுங்கள். செவ்வுடல் இனத்துக்கு ஈசுவரமூலிக் கொடி வேண்டும், சிங்களத்தில் அதைச் சப்சந்த என்பர். வெட்சியின் தளிரையே தின்று வளரும் ரதிந்தா அமோர் என்ற சிறிய வண்ணத்துப்பூச்சியும் இலங்கையில் உண்டு. தளிரில் இரண்டு மூன்று ஓட்டைகளைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் தேடாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

தேன்சிட்டுகளும் நாள்தோறும் வரும். வாடிய கொத்துகள் அனைத்தையும் வெட்டிவிடாமல் சிலவற்றை விட்டுவைத்தால் பட்டாணி அளவுக் காய்கள் பிடித்துச் சிவந்து, பின் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். கொண்டைக் குருவிகள் அவற்றைத் தின்று விதையை வேறிடங்களில் போடும். 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. தலவத்துகொடை, பெத்தகான பகுதிகளின் சதுப்பு நிலங்களில் வாழும் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் நகரத்துக்குள் இடைத்தங்கலாக அமைபவை இத்தகைய வளவுகளே.

பூச்சித் தொல்லை

இளந்தண்டில் பஞ்சு ஒட்டினாற்போலத் தெரிவது மாவுப்பூச்சி. அது சுரக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும். முசுறுகள் அந்த இனிப்புக்காகவே மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், ஆதலால் முசுறு ஏறி இறங்கும் செடியை ஊன்றிப் பார்க்க வேண்டும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி கழன்றுவிடும். மீந்ததைச் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடைக்கலாம், அல்லது வேப்பெண்ணெய்க் கலவையை மாலையில் தெளிக்கலாம். பூ விரிந்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள்.

பதியன் போடுதல்

ஒரு செடி இருந்தால் அடுத்ததை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பூவில்லாத, பாதி முதிர்ந்த கிளையிலிருந்து 4 முதல் 6 அங்குலத் துண்டை வெட்டி, அடி இலைகளை நீக்கி, மேலுள்ள இலைகளைப் பாதியாகக் குறைத்து, மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த சாடியில் ஊன்றுங்கள். வெளிப்படையான பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். விதையிலிருந்தும் முளைக்கும், பொறுமை வேண்டும்.

பூப் பறித்தல்

தமிழர் வாழ்வில் வெட்சியின் இடம் மிகப் பழையது. சங்க காலப் போர் மரபில், பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவரப் புறப்பட்ட வீரர்கள் சூடிய பூ இது. புறத்திணைகளுள் முதலாவதாகிய ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்றே பெயர், மீட்கச் சென்றோர் சூடியது கரந்தை. வெட்சித்திணை குறிஞ்சிக்குப் புறமாக வைக்கப்பட்டது, குறிஞ்சியின் தெய்வமான முருகனும் வெட்சிக் கண்ணி அணிந்தவனாகவே பாடப்படுகிறான். ஆடி மாதத்தில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் ஆடிவேல் நாட்களில், வளவில் பூத்த வெட்சியைக் கொண்டுபோய்க் கொடுப்போருக்கு இந்தத் தொடர்ச்சியை நினைத்துப் பார்க்க இடமுண்டு. அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் செவ்வரத்தையோடு வெட்சியும் சாத்தப்படுகிறது. செவ்வரத்தை ஒரு நாளில் சுருங்கிவிடும், வெட்சிக் கொத்தோ செடியில் பல நாட்கள் நிற்கும், பறித்த பின்னும் எளிதில் வாடாது. வேரும் பூவும் வயிற்றுக் கடுப்புக்கு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டன, ஆயினும் அதை வைத்தியரிடம் விட்டுவிடுவதே முறை.

பூசைக்குப் பறிக்கும்போது கொத்தைக் கையால் பிய்க்கக் கூடாது. பிய்த்த இடத்தில் தண்டு கிழிந்து காயும். கொத்திலுள்ள பூக்களில் பாதிக்கு மேல் விரிந்திருக்கும் கொத்தாகத் தெரிந்து, ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே கைக்கத்தரியால் வெட்டுங்கள். கவனித்தால் முன்னர் சொன்ன கத்தரிப்பும் இதுவும் ஒரே வெட்டுத்தான் என்பது விளங்கும். வெட்டிய இடத்திலிருந்து இரண்டு கிளைகள் எழும், இரண்டு கொத்துகள் வரும். வாரம் இருமுறை பூசைக்குப் பறிக்கும் வீட்டில் கத்தரிக்கும் வேலை தனியாக மிஞ்சுவதில்லை. வெட்டும் கொத்துகளைச் செடியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்து, ஒவ்வொரு முறையும் பாதிக் கொத்துகளைச் செடியிலேயே விட்டால், வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் பங்கு குறையாது.